சூடானில் மண் அணை கட்டி ஊரை அடைத்தபோது நாங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தோம்?

இரணைமடுக்காரன், கிளிநொச்சி

போன கிழமை வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் பிடித்தோம். இப்போது எங்கள் பக்கம் பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், முதுகில் தாங்கி சுமந்து நாள் முழுக்க அடிப்பதை அது கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுகிறது. பெடியன் அதை வரம்பில் வைத்துக் கிளப்பினதும், தேத்தண்ணி கொண்டு வந்த பெரியம்மா நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். கத்தவில்லை, ஓடவில்லை. கையில் இருந்த சில்வர் பேணியை மடிக்குள் வைத்து, முந்தானையால் அதை மூடி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எதற்குப் பேணியை மூடினார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. வெயிலில் மினுங்கும் எதையும் வெளியே வைக்கக் கூடாது என்று அந்த நாளில் சொல்லித் தந்தவரே அவர்தான். பதினாறு வருடத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை. "வண்டு மாதிரியே கிடக்கு" என்றார், அவ்வளவுதான்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 2008, 2009இல் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் வண்டு. அது ரீங்காரம் போட்டுச் சுற்றிவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும், இல்லாவிட்டால் ஆட்லறி வரும். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

அன்று இரவு அக்காவின் மகன் பாயில் படுத்துக்கொண்டு போன் பார்த்தான். சூடான் வீடியோ ஒன்று. ஒரு தாய் தலையில் பொட்டலத்தோடு மண் பாதையில் நடக்கிறாள், பின்னால் இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் காலில் செருப்பு இல்லை. மூன்று செக்கன் இருக்கும், பெருவிரலால் தள்ளிவிட்டான். அடுத்தது கிரிக்கெட். "ஏன்டா தள்ளினாய்" என்று கேட்டேன். "எந்த நாளும் இதுதான் மாமா வருது" என்றான். 2008 கார்த்திகையில் பிறந்தவன் அவன். ஆறு மாதக் குழந்தையாக பங்கருக்குள் கிடந்தவன். ஏச வாய் வந்தது, ஆனால் ஏசவில்லை. அதே வீடியோவை அன்று பகல் நானும் தள்ளியிருந்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து வாசித்தேன். சூடானில் எல் பாஷர் என்ற நகரத்தை, நாட்டு இராணுவத்தோடு சண்டை பிடிக்கும் விரைவு ஆதரவுப் படை என்ற துணைப்படை 500 நாளுக்கு மேல் சுற்றி வளைத்து வைத்திருந்தது. ஊரைச் சுற்றி மண் அணை கட்டினார்கள், 30 கிலோமீற்றருக்கு மேல், சனம் வெளியே போகாமலும் சாப்பாடு உள்ளே வராமலும் இருக்க. மேலே ட்ரோன். உள்ளே இருந்த சனம் வீட்டு முற்றத்தில் குழி தோண்டி அதற்குள் இருந்தது. 2025 ஒக்டோபர் 26இல் ஊர் விழுந்தது. அடுத்த நாட்களில் அங்கிருந்த மகப்பேற்று மருத்துவமனையில் மட்டும் 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்மதிப் படத்தில் நிலத்தில் கிடந்த உடல்களையும் சிவந்த மண்ணையும் காட்டினார்கள்.

மண் அணை, பங்கர், மருத்துவமனை, செய்மதிப் படம். இதில் எது எங்களுக்குத் தெரியாதது? அந்த ஒக்டோபர் 26 நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றுமே நினைவில்லை.

ஒவ்வொரு மே 18உம் முள்ளிவாய்க்காலில் நின்று "சர்வதேசம் பார்த்துக்கொண்டிருந்தது" என்று சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், மனசாரச் சொல்லியிருக்கிறேன். இப்போது எல் பாஷர் சனத்துக்கு நான்தான் சர்வதேசம். என் கேள்வி இதுதான்: நாங்கள் ஏன் இப்படி ஆனோம்? களைத்துப் போனோமா, மரத்துப் போனோமா, அல்லது இந்தக் காலத்துப் போரையே யாருக்கும் கண்ணில் படாத மாதிரித்தான் நடத்துகிறார்களா?

---

மல்லாவி விவசாயி

தம்பி, கோபிக்க வேண்டாம், நேரே சொல்கிறேன். எங்கள் வீட்டு நெருப்பே இன்னும் அணையவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20இல் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை அம்மா பதில் தெரியாமலே செத்துப் போனார்கள். ஏ9 வீதியில் எத்தனை பஸ் அவர்களைத் தாண்டிப் போகிறது, அதற்குள் இருப்பது யார்? எங்கள் சனம்தான். நானும் அதில் போயிருக்கிறேன். யன்னலால் பார்ப்பேன், அடுத்த தரிப்பிடம் வந்துவிடும்.

பக்கத்தில் இருக்கிற அம்மாவையே பார்க்க முடியாத சனத்திடம் சூடானைப் பார் என்றால் எப்படி. உரம் வாங்க ஒரு கடன், வெட்டு மெசினுக்கு ஒரு கடன், நெல்லைக் கொண்டு போனால் ஈரம் என்று சொல்லி விலை குறைக்கிறான். இரவு போனைத் திறக்கிறது மனசை ஆற்றத்தான். அதிலும் பிணம் வந்தால் யாராக இருந்தாலும் தள்ளத்தான் செய்வான். மருமகனில் பிழை இல்லை.

---

வவுனியா ஆசிரியர்

மல்லாவி அண்ணை சொல்வது உண்மை, ஆனால் அது பாதிதான் என்று நினைக்கிறேன். களைப்பு எங்களிடம் இருக்கிறது, சரி. ஒரு கடனும் இல்லாத பணக்கார நாட்டுச் சனமும் இப்படித்தானே இருக்கிறது? அவர்களின் வரிக்காசில் நடக்கிற போரே அவர்களுக்குத் தெரியாது.

ஆபிரிக்காவில் இருக்கிற நைஜரில் 2017 ஒக்டோபர் 4ஆம் திகதி நாலு அமெரிக்கச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே தங்கள் படையினர் ஆயிரம் பேரளவில் இருப்பது அமெரிக்காவில் பல பேருக்குத் தெரிய வந்தது. சாதாரண ஆட்களை விடுங்கள், லிண்ட்சி கிரஹாம் என்ற செனற்றர், இராணுவ விவகாரக் குழுவிலேயே இருந்தவர், தனக்கு அது தெரியாது என்று தொலைக்காட்சியில் சொன்னார். வியட்நாம் காலத்தில் அந்த நாட்டில் கட்டாய ஆட்சேர்ப்பு இருந்தது, ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுக்குச் சவப்பெட்டி வரும் பயம் இருந்தது, அதனால் தெருவுக்கு இறங்கினார்கள். 1973இல் ஆட்சேர்ப்பை நிறுத்தினார்கள். பிறகு ட்ரோன் வந்தது. இப்போது குண்டு போடுகிறவன் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு அறையில் இருக்கிறான், வேலை முடிந்து இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். சவப்பெட்டி வருவதில்லை, ஆகவே கேள்வியும் வருவதில்லை.

செத்தவர்களின் கணக்கும் அப்படியே. பாகிஸ்தானின் வசிரிஸ்தான் பக்கம் 2004இலிருந்து அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ ட்ரோன் அடித்தது. அடிபட்ட இடத்தில் போராடும் வயதில் இருந்த ஆண்கள் எல்லாரையும், வேறு விதமாக நிரூபிக்கப்படாவிட்டால், போராளி என்றே எண்ணினார்கள் என்பது 2012இல் பத்திரிகையில் வெளிவந்தது. அப்படி எண்ணினால் பொதுமகன் எங்கே சாவான்? யேமனில் 2009 டிசம்பர் 17இல் அல்-மஜலா என்ற இடத்தில் ஏவுகணை விழுந்து பெண்களும் பிள்ளைகளுமாகப் பல பேர் செத்தார்கள். யேமன் அரசு அதைத் தன்னுடைய தாக்குதல் என்று சொன்னது. அடித்தது அமெரிக்கா. அடுத்த வருடம் விக்கிலீக்ஸ் வெளியிட்ட தூதரகத் தந்திகளில், குண்டு எங்களுடையது என்றே தொடர்ந்து சொல்லுவோம் என்று யேமன் ஜனாதிபதியே சொன்னது இருந்தது. காபூலில் 2021 ஓகஸ்ட் 29இல் ஒரு வீட்டு முற்றத்தில் அமெரிக்கர்கள் ட்ரோனால் அடித்துப் பத்துப் பேரைக் கொன்றார்கள், அதில் ஏழு பேர் பிள்ளைகள். உதவி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர் தண்ணீர்க் கலன்களைக் காரில் ஏற்றியதை வெடிமருந்து என்று நினைத்தார்களாம். மூன்று கிழமைக்குள் பிழை என்று ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

இதை எல்லாம் வாசிக்கும்போது எனக்கு எங்கள் கணக்குத்தான் ஞாபகம் வரும். 2009 தொடக்கத்தில் உள்ளே 70,000 பேரளவில்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான். பிறகு வெளியே வந்து முகாமில் எண்ணியபோது 280,000க்கு மேல். போருக்கு மனிதாபிமான நடவடிக்கை என்று பெயர், பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்று அறிக்கை. அதற்கு முன்னாலேயே, 2008 செப்டெம்பரில், அரசு கேட்டதன்படி ஐ.நா பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள், சனம் வாசலில் நின்று போக வேண்டாம் என்று மன்றாடியது. பத்திரிகையாளரும் உள்ளே இல்லை. 2012இல் ஐ.நாவின் சொந்த விசாரணையே தங்கள் அமைப்பு தவறிவிட்டது என்று எழுதியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. உள்ளே இருந்து வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் இயக்கம் மறித்தது, சுட்டதும் உண்டு, கடைசி மாதங்களில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. அதையும் அப்போது வெளியே சொல்ல ஆள் இல்லை. மறைப்பது யார் என்பதை வைத்து மறைப்பு நல்லதாகிவிடாது.

என்னோடு வேலை செய்த ஒரு சிங்கள ரீச்சர், குருநாகல் பக்கம், ஒரு நாள் கேட்டார், "உங்களுக்கு உண்மையிலேயே அப்படி நடந்ததா? எங்களுக்கு ரி.வியில் ஒவ்வொரு நாளும் வரைபடம்தான் காட்டினார்கள், நிறம் சுருங்கிக்கொண்டே போகும், நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்." அவர் கெட்டவர் இல்லை. அந்த வரைபடத்தில் ஒரு ஆளும் இல்லை, அதுதான். இப்போது நான் சூடான் வரைபடத்தை அப்படித்தான் பார்க்கிறேனா என்று எனக்கே பயம்.

---

முகமாலை அக்கா

நான் மிதிவெடி அகற்றும் வேலை, பதினோராவது வருடம். சேர் எழுதினதைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன், கூட வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

எனக்கு அரசியல் பெரிதாகத் தெரியாது, நிலம் தெரியும். முழங்காலில் நின்று, முகத்துக்குக் கண்ணாடி மூடி, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுப்போம். வெயிலில் கண்ணாடிக்குள் வேர்வை வழிந்து உதட்டுக்கு வரும், துடைக்க முடியாது. சில நாள் காலையிலிருந்து பின்னேரம் வரை வேலை செய்து ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்தான் முடியும். புதைத்தவன் வரைபடம் தந்திருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். மறைவாகச் செய்த வேலைக்கு நேரான வரைபடம் இருக்காது, இருந்தாலும் தரமாட்டார்கள்.

பயிற்சியில் லாவோஸ் பற்றிச் சொல்லித் தந்தார்கள். 1964இலிருந்து 1973 வரை அமெரிக்கா அங்கே இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் குண்டு போட்டது, தன் சொந்தச் சனத்துக்கே சொல்லாமல். கொத்துக்குண்டுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள் மட்டும் 27 கோடி, அதில் 8 கோடி அளவு வெடிக்காமல் மண்ணில் கிடந்தது. பந்து மாதிரி இருக்கும், பிள்ளைகள் எடுத்து விளையாடும். போர் முடிந்து ஐம்பது வருடமாகியும் அங்கே வயல் கொத்துகிறவர்கள் அதில் அகப்படுகிறார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்துக் காணிக்காரப் பெடியனுக்குக் கை போனதும் அப்படி ஒரு சாமானால்தான்.

இலங்கை 2028க்குள் மிதிவெடி முழுக்க எடுக்க வேண்டும் என்று கணக்கு. அது வரும் போகும், நான் சொல்ல வந்தது வேறு. வெளிநாட்டுப் போர் என்று ஒன்றை எட்டத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வருவதில்லை. நான் எடுக்கிற சாமானில் எழுதியிருக்கிறது எங்கள் பாஷை இல்லை. எந்த நாட்டுத் தொழிற்சாலையிலோ செய்து, யாரோ விற்று, யாரோ வாங்கி எங்கள் மண்ணுக்கு வந்தது. சூடானுக்கும் அப்படித்தான் போகும். செய்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வேலை, சம்பளம்.

---

பழைய புதுக்குடியிருப்பு, ரொறன்ரோ

தம்பியின் கேள்வியை இரண்டு நாளாகத் திறந்து திறந்து மூடினேன்.

2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, இங்கே அன்னையர் தினம். நாங்கள் ஆயிரக்கணக்கில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தோம். என் தங்கச்சி அப்போது வட்டுவாகல் பக்கம் எங்கேயோ இருந்தாள், மூன்று கிழமையாகக் கதைக்கவில்லை. கையில் கொடி, தொண்டை அடைத்துப் போய் சத்தம் வரவில்லை. மறிபட்ட காருக்குள் இருந்த ஒரு மனிசன் கண்ணாடியை இறக்கி, நான் என் அம்மாவிடம் சாப்பாட்டுக்குப் போக வேண்டும், உங்கள் நாட்டுச் சண்டையை உங்கள் நாட்டில் வையுங்கள் என்று கத்தினான். அந்த முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எத்தனை வருடம் அவனை வெறுத்தேன் தெரியுமா.

போன வருடம் நகரத்துக்குள் ஒரு ஊர்வலம், வீதி மூடியிருந்தது. வேலைக்குப் பிந்துகிறது. ஹோர்ன் அடித்தேன், விடாமல் அடித்தேன். ஒரு பெண்பிள்ளை அட்டையைத் திருப்பி என் பக்கம் காட்டினாள், அதில் சூடான் என்று எழுதி ஒரு பெயர்ப்பட்டியல். வயதுகளோடு. நாங்களும் அப்படித்தான் பெயர்ப்பட்டியல் பிடித்தோம்.

எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. நான் கெட்டவன் என்று நினைக்கவில்லை, ஆனால் அந்தக் காருக்குள் இருந்த ஆள் நான்தான்.

---

நெடுங்கேணி

இவ்வளவு பேரும் தூரத்துப் போர் என்கிறீர்கள். என் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகன் பிரான்சுக்கு என்று வெளிக்கிட்டவன். ஏஜென்சிக்காரன் ரஷ்யா வழியாக அனுப்பினான். காணி ஈடு வைத்த காசு. இப்போது பச்சை உடுப்போடு ஒரு படம் வந்தது, அதற்குப் பிறகு போன் இல்லை. உக்ரைன் எந்தப் பக்கம் என்று தாய் என்னிடம் கேட்கிறாள். ஓய்வுபெற்ற ஆமிக்காரர் பலர் அந்தப் போருக்குக் கூலிக்குப் போனது 2024இல் செய்தியில் வந்தபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அவர்கள் பாடு என்று விட்டோம். அப்போது கேட்டிருக்க வேண்டும், யார் அனுப்புகிறான், எவ்வளவு காசு, எந்த வழி என்று.

யாருக்காவது மொஸ்கோவில் தூதரகம் தவிர வேறு யாரிடம் கேட்கலாம் என்று தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கோ.

---

மல்லாவி விவசாயி

நெடுங்கேணி அக்கா, அந்தப் பெடியனின் விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கோ. அப்படி ஒரு பிள்ளை எங்கள் பக்கமும் இருக்கு, தாய் தகப்பன் மனித உரிமை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கினம், எந்தப் படிவம் என்று கேட்டுச் சொல்கிறேன். முதல் நான் எழுதினதைத் திரும்ப வாசித்தேன். அழிக்கவில்லை, நான் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாளைக்குக் கிளிநொச்சி போகிற அலுவல் இருக்கு, கந்தசுவாமி கோயிலடியில் இறங்குவேன்.

---

வவுனியா ஆசிரியர்

சூடான் பற்றி ஒன்று விட்டுப் போச்சு. அந்தத் துணைப்படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டை நம்பத்தகுந்தது என்று ஐ.நா நிபுணர் குழு 2024 சனவரியில் எழுதியது. அமீரகம் மறுக்கிறது. எங்கள் பெடியள் எத்தனை பேர் டுபாயில் வேலை. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, பிழைப்பு. வகுப்பில் பிள்ளைகளிடம் உலகப் படத்தில் சூடானைக் காட்டச் சொன்னேன், முப்பத்திரண்டு பேரில் மூன்று பேர் சரியாகக் காட்டினார்கள், டுபாயை எல்லாருமே காட்டினார்கள். அடுத்த தவணையில் வாரம் ஒரு பாடநேரம் இதற்கு ஒதுக்கப் போகிறேன். பிணப் படம் காட்டுவதாக இல்லை. யார், எங்கே, எவன் விற்றான், எவன் எண்ணினான் என்று தேட வைப்பதாக இருக்கிறேன்.

---

இரணைமடுக்காரன், கிளிநொச்சி

எல்லாருக்கும் நன்றி. ரொறன்ரோ அண்ணா, தங்கச்சி வந்து சேர்ந்தாவா என்று கேட்க மனம் வரவில்லை, விரும்பினால் மட்டும் சொல்லுங்கோ.

நேற்று இரவு அக்காவின் மகனைப் பக்கத்தில் இருத்தி, அந்த வீடியோவைத் தேடி எடுக்கச் சொன்னேன். பெரியம்மாவும் வந்து கதிரையில் இருந்தார். அவன் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி மாதங்களில் எல் பாஷரில் சாப்பாடு தீர்ந்து, மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் என்று வாசித்தபோது, "தண்ணி எங்கால எடுத்தவை?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, தேடினான். பிறகு வீட்டு முற்றத்தில் தோண்டிய குழியின் படம் ஒன்று வந்தது. போனை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய்க் கனநேரம் பார்த்தார்.

"மேல என்னத்தைப் போட்டு மூடியிருக்கினம்? பனங்குற்றி இல்லையே அங்க?"

பெடியன் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். தகரம், அதற்கு மேல் மண்மூட்டை.

"தகரம் காணாது" என்றார் பெரியம்மா. "வேற படம் இருக்கா, காட்டு."